இமைக் கணக்கு: திரை முன் வறளும் கண்களுக்கு ஒரு தோட்டக் கிராணியின் வழிகாட்டி

சம்பள வாரத்தில் ஒரு மாலை, என் மேசைக்கு எதிரே வந்து நின்ற, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர், "கிராணியாரே, வீட்டில் ஏதும் துக்கமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். கண் இரண்டும் சிவந்து கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. துக்கம் ஒன்றும் இல்லை. காலை ஏழு மணியிலிருந்து ஆள் கணக்கையும் குலை எடையையும் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளாகக் கிராணி வேலை, அதாவது கணக்கு எழுதும் வேலை, பார்க்கிறேன். நான் சேர்ந்த காலத்தில் செக்ரோல் எனும் ஆள் கணக்குப் பதிவேடு மேசையை அடைத்துக்கொண்டு கிடக்கும் பெரிய புத்தகம். ஒரு வரி எழுதுவேன், மை காயக் காத்திருப்பேன், ஏட்டைப் புரட்டுவேன், சன்னல் வழியே, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தைப் பார்ப்பேன். அந்த இடைவெளிகளில் கண் தன் பராமரிப்பைத் தானே பார்த்துக்கொண்டது. கணினி வந்தபின் மை காயக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏடும் இல்லை. சன்னலையும் ஏர்கானுக்காக அடைத்துவிட்டோம்.

மணல் விழுந்ததுபோல் உறுத்தல், எரிச்சல், மாலையில் எழுத்துகள் கலங்குவது, காரணமின்றிக் கண்ணீர் வழிவது. இதற்கு ஓர் ஆண்டு தவறான வைத்தியம் செய்து காசையும் கண்ணையும் கெடுத்துக்கொண்டேன். பிறகு ஈப்போவில் ஒரு கண் மருத்துவர் பத்து நிமிடம் உட்கார வைத்து விளக்கினார். அவர் சொன்னதும், பின்னர் நானே படித்தும் செய்தும் பார்த்ததுமாகச் சேர்ந்ததுதான் கீழே உள்ள வரிசை. முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய் என்ற ஒழுங்கு இதில் முக்கியம். நான் தலைகீழாகத் தொடங்கினேன்; சொட்டு மருந்திலிருந்து.

முதலில் கணக்கு எடுங்கள்

வைத்தியத்துக்கு முன் எவ்வளவு துண்டு விழுகிறது என்று தெரிய வேண்டும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை இமைக்கிறீர்கள்? நீங்களே எண்ணினால் சரியாக வராது. எண்ணுகிறோம் என்ற நினைப்பே இமையை ஆட்டிவிடும். எனவே வீட்டில் யாரிடமாவது சொல்லி வையுங்கள்: "நான் கணினியிலோ கைப்பேசியிலோ மூழ்கியிருக்கும்போது, எனக்குத் தெரியாமல் முகத்தை மூன்று நிமிடம் காணொளி எடு." பிறகு அதை மெதுவாக ஓடவிட்டு எண்ணுங்கள். இன்னொரு நாள், யாருடனாவது சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது அதேபோல் எடுக்கச் சொல்லுங்கள்.

என் மகள் எடுத்த காணொளியில், திரை முன் நிமிடத்துக்கு ஐந்து. பக்கத்து வீட்டு அண்ணனோடு மாரியம்மன் கோயில் திருவிழாக் கணக்கைப் பேசிக்கொண்டிருந்தபோது இருபத்தொன்று.

இது என் கண்ணின் தனிக் குறை இல்லை. 1993-இல் ஜப்பானில் அலுவலக ஊழியர்கள் 104 பேரை வைத்து இதையே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். சும்மா இருக்கையில் நிமிடத்துக்குச் சராசரியாக 22, புத்தகம் படிக்கையில் 10, கணினித் திரையைப் பார்க்கையில் 7. கிராணி புத்தி சும்மா இருக்காது, பெருக்கிப் பார்த்தேன். நிமிடத்துக்குப் 15 குறைந்தால், ஆறு மணி நேரத்தில் 5,400 இமைப்புகள் கணக்கில் வரவில்லை. சம்பளக் கணக்கில் இப்படித் துண்டு விழுந்திருந்தால் என்னை வேலையில் வைத்திருக்கமாட்டார்கள்.

காணொளியில் இன்னொன்றையும் கவனியுங்கள். மேல் இமை கீழ் இமையைத் தொடுகிறதா, பாதியில் திரும்பிவிடுகிறதா? எனக்கு இருந்த ஐந்திலும் இரண்டு அரை இமைப்பு. எண்ணிக்கையைவிட இதுதான் பெரிய குற்றவாளி என்று சிலர் கருதுகிறார்கள். 2014-இல் நியூயார்க்கில் ஒரே பாடத்தைத் தாளிலும் திரையிலும் படிக்கவைத்து ஒப்பிட்டபோது, இமைக்கும் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. திரையில் அரை இமைப்புகள்தான் கூடுதலாக இருந்தன. ஊன்றிப் படித்தால் தாளிலும் இமைப்பு குறையும். திரையில் கூடுதலாக அது அரைகுறையாகவும் ஆகிவிடுகிறது.

அடுத்த சோதனைக்குக் கடிகாரம் போதும். நன்றாக ஒருமுறை கண்ணை மூடித் திறந்து, இமைக்காமல் இருங்கள். எத்தனை நொடியில் எரிச்சல் தொடங்குகிறது? பத்து நொடிகூடத் தாங்கவில்லை என்றால் கண்ணீர்ப் படலம் சீக்கிரம் உடைகிறது என்று ஐயப்படலாம். மருத்துவர் மஞ்சள் சாயம் இட்டு நீல ஒளியில் இதையே துல்லியமாகப் பார்ப்பார். அங்கும் பத்து நொடிதான் எல்லைக்கோடு.

கடைசியாக, எந்த நேரத்தில் தொல்லை அதிகம் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். மாலையாக ஆக மோசமானால் திரையும் காற்றும் காரணமாக இருக்கக்கூடும். காலையில் எழும்போதே மோசம் என்றால், இமை விளிம்பில் அழற்சி இருக்கலாம். அல்லது முகத்துக்கு நேரே காற்றாடி சுழல, கண்ணை முழுதாக மூடாமல் தூங்குகிறீர்கள். சிலருக்கு இமை சற்றே திறந்தபடிதான் தூக்கம். உங்களுக்கு அது தெரியாது; பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள்.

இமை என்ன வேலை செய்கிறது

பால்மரம் சீவிய காலத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கோப்பையில் பால் நிறைந்தாலும், மேலே மழைத்தண்ணீர் விழுந்தாலோ வெயில் அடித்தாலோ பால் பாழ். கண்ணீரும் அப்படித்தான், அதற்கு மேலே ஒரு மூடி வேண்டும்.

கண்ணின் மேல் விரிந்திருக்கும் கண்ணீர்ப் படலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு பருமன். தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இராது. அதன் அடியில் கண்ணோடு ஒட்டிப் பிடிக்கும் வழவழப்பான சளிப்பொருள். அதோடு கலந்து, பெரும்பகுதியாகத் தண்ணீர். எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. இந்த எண்ணெய்தான் மூடி. அது குறைந்தால் அடியிலுள்ள தண்ணீர் ஆவியாகிப் போகும்.

எண்ணெய் வருவது இமைகளின் விளிம்பிலிருந்து. மேல் இமையில் முப்பது நாற்பது, கீழ் இமையில் இருபது முப்பது என்று வரிசையாகச் சுரப்பிகள் உள்ளன; 1666-இல் அவற்றை விவரித்த ஜெர்மன் மருத்துவர் மைபோமின் பெயரால் மைபோமியன் சுரப்பிகள் என்கிறார்கள். ஒவ்வொரு முறை முழுதாக இமைக்கும்போதும் அவை சற்றே பிழியப்பட்டு எண்ணெய் கசிகிறது. இமை திரும்பி மேலே போகையில் அதைக் கண் முழுவதும் தடவிவிட்டுப் போகிறது. இமைக்காவிட்டால் பிழிவும் இல்லை, தடவலும் இல்லை. நாளடைவில் எண்ணெய் கெட்டியாகி வாய் அடைத்துக்கொள்கிறது. அரை இமைப்பில் கருவிழியின் அடிப்பகுதிக்குப் பூச்சே கிடைப்பதில்லை.

சரி, ஏன் இமைக்க மறக்கிறோம்? ஒவ்வொரு இமைப்பும் ஒரு சின்ன இருட்டு. உன்னிப்பாகப் பார்க்க வேண்டிய நேரத்தில் அந்த இருட்டை மூளை தள்ளிப் போடுகிறது. கண் இமைக்காமல் பார்த்தான் என்று கதைகளில் பாராட்டாகத்தான் எழுதுகிறோம். தேவர்களை, இமைக்காதவர் என்ற பொருளில், இமையவர் என்றது தமிழ். அவர்களுக்குச் சம்பளப் பட்டியல் தட்டச்சு செய்யும் வேலை இல்லை என்பதால் அது ஒத்துப்போயிருக்கும்.

கண்ணீர் வழிகிறதே, பிறகு எப்படி வறட்சி என்று மண்டோரும் கேட்டார். படலம் உடைந்து கண் உறுத்தும்போது, மூளை அவசரத்துக்குத் தண்ணீரைத் திறந்துவிடுகிறது. வெங்காயம் நறுக்கும்போது வரும் அதே வகைக் கண்ணீர். எண்ணெய் போதாத அந்த நீர் கண்ணில் நிற்காமல் கன்னத்துக்குப் போய்விடும். காய்ந்த மண்ணில் திடீர் மழை பெய்து ஓடிவிடுவதுபோல.

இமையைப் பழக்குங்கள்

இதுதான் முதல் மருந்து, காசும் இல்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய பயிற்சி இது:

1. இரு கண்களையும் மெதுவாக, முழுதாக மூடுங்கள். இரண்டு நொடி அப்படியே.
2. திறந்து, மறுபடி மூடி, இரண்டு நொடி.
3. மூடியபடியே, கை படாமல், இமைகளைச் சற்று இறுக்குங்கள், இரண்டு நொடி. முகம் சுளிக்க வேண்டாம். நெற்றியில் சுருக்கம் விழுந்தால் அழுத்தம் அதிகம்.
4. திறந்து, ஓரிரு முறை மீண்டும் செய்யுங்கள்.

எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினைந்து நொடி. நியூசிலாந்தில் 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இவ்வகைப் பயிற்சியை நான்கு வாரம் செய்தவர்களுக்கு உறுத்தலும் குறைந்தது, அரை இமைப்புகளும் குறைந்தன. முதல் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். எனக்கு மூன்றாம் வாரம்தான் மாலை நேரத்து மணல் குறைந்தது.

நினைவில் வைப்பதுதான் கடினம். கைப்பேசியில் மணி வைத்தேன். இரண்டே நாளில் அதை அணைக்கும் கலையில் தேர்ந்துவிட்டேன். பிறகு வேலையோடு கட்டினேன்: ஒவ்வொரு லோரியின் எடைச் சீட்டை ஏற்றி முடித்ததும் ஒரு பயிற்சி. எண்டர் விசையைத் தட்டும்போதெல்லாம் ஒரு முழு இமைப்பு. லோரி வருவது நிற்காது என்பதால் பழக்கமும் நிற்கவில்லை. பள்ளி ஆசிரியராக இருந்தால் ஒவ்வொரு விடைத்தாளின் முடிவில், கைப்பேசியில் காணொளி பார்ப்பவராக இருந்தால் ஒவ்வொரு காணொளியும் மாறும்போது என்று உங்கள் வேலைக்கு ஏற்ற ஆணி ஒன்றைத் தேடி அதில் மாட்டுங்கள்.

20-20-20 என்று ஒரு விதி கேள்விப்பட்டிருப்பீர்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தூரத்தில், இருபது நொடி பார்ப்பது. கலிபோர்னியாவைச் சேர்ந்த கண்ணியல் நிபுணர் ஜெப்ரி ஆன்ஷெல் 1990-களில் நினைவில் நிற்கும்படி அமைத்துத் தந்தது. நல்ல பழக்கம்தான், கிட்டப் பார்த்து இறுகிய தசை தளரும். ஆனால் அந்த எண்களில் மந்திரம் எதுவும் இல்லை. இருபது நொடி போதுமா என்று கேள்வி எழுப்பும் ஆய்வுகளும் உண்டு. என்னைக் கேட்டால், மணிக்கு ஒருமுறை எழுந்து வெளியே போய், கடைசி வரிசைச் செம்பனையின் உச்சி ஓலையை எண்ணிவிட்டு வருவது மேல். எழுந்து நடந்தால் இமை தானாக வேலை செய்கிறது.

திரையை இறக்குங்கள்

கண்ணாடி முன் நின்று நேரே பாருங்கள். பிறகு கீழே பாருங்கள். கீழே பார்க்கும்போது மேல் இமை இறங்கி, திறந்த பரப்பு குறைகிறது. காற்றுப் படும் இடம் குறைந்தால் ஆவியாவதும் குறையும். அதனால் கணினித் திரையின் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்கட்டும். எங்கள் அலுவலகத்தில் யாரோ திரைக்கு அடியில் பழைய பேரேடுகள் இரண்டை அடுக்கி உயர்த்தி வைத்திருந்தார்கள். அவற்றை உருவி எடுத்த நாளே வித்தியாசம் தெரிந்தது.

நாற்பது வயதைத் தாண்டி, ஒரே கண்ணாடியில் தூரமும் கிட்டமும் பார்க்கும் வில்லை போட்டிருப்பவர்கள் திரையைப் பார்க்க முகவாயைத் தூக்குவார்கள். அவர்களுக்குத் திரை இன்னும் தாழ வேண்டும், அல்லது கணினிக்கென்று தனிக் கண்ணாடி வேண்டும். பார்வைக் குறையைத் திருத்தாமல் இருந்தால் கண்ணை இடுக்கிப் பார்ப்போம். இடுக்கினாலும் இமைப்பு குறைகிறது. ஆகையால் கண்ணாடி அளவைச் சரிபார்ப்பதும் இந்தப் படியில்தான் வரும். மலேசியாவில் 1991-ஆம் ஆண்டு ஒளியியல் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் கண்ணைச் சோதிக்கலாம். சுவரில் சான்றிதழ் மாட்டியிருக்கும், நிமிர்ந்து பாருங்கள்.

கணினி ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். எழுத்தைப் பெரிதாக்குங்கள், இதில் கௌரவம் பார்க்க வேண்டாம். திரையின் வெளிச்சம் அறையின் வெளிச்சத்தோடு ஒத்திருந்தால் போதும். கைப்பேசியை மல்லாந்து படுத்து முகத்துக்கு மேலே பிடித்துப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். தூக்கம் வந்து அது மூக்கில் விழுவது தனித் தொல்லை.

காற்று எங்கிருந்து வருகிறது

நம் நாட்டில் வெளியே நடந்தாலே சட்டை நனைகிறது. இந்த ஈரத்தில் கண் எப்படி வறளும் என்று தோன்றலாம். கதவை மூடி ஏர்கானைப் போட்டதும் கதை மாறுகிறது. குளிரவைக்கும்போதே காற்றிலிருந்த ஈரத்தையும் அது பிழிந்து எடுக்கிறது. வெளிச்சுவரில் குழாய் வழியே சொட்டும் தண்ணீர் அந்த ஈரம்தான். அறையை 16 பாகையில் வைத்துக் குளிருக்குச் சட்டைமேல் சட்டை போடும் அலுவலகங்கள் உண்டு. 24, 25 போதும். அதைவிட முக்கியம், காற்று முகத்தில் நேரே அடிக்காமல் தகட்டைத் திருப்புவது.

வீட்டில் காற்றாடியும் அப்படியே. கால்மாட்டிலிருந்து வீசட்டும், முகத்துக்கு நேரே வேண்டாம். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் தலைக்கவசக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். தோட்டச் சாலைத் தூசிக்கும் அதுவே தடுப்பு. புகைமூட்டக் காலம் வந்தால் எல்லாம் இரட்டிப்பாகும். 2015-இலும் 2019-இலும் பள்ளிகளையே மூடும் அளவுக்கு இருந்தது. அந்நாட்களில் திரை நேரத்தைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள்.

வெந்நீர் ஒத்தடம்

சுரப்பி வாய் அடைத்துக்கொண்டவர்களுக்கு இமைப் பயிற்சி மட்டும் போதாது. குளிரில் உறைந்த தேங்காய் எண்ணெய்ப் புட்டியை என்ன செய்வோம்? வெயிலில் வைப்போம், உருகும். இங்கும் அதே கதை.

சிறு துண்டு இரண்டு, பொறுக்கும் சூட்டில் ஒரு பாத்திரம் வெந்நீர். சூடு 40 பாகை அளவில் இருந்தால் போதும்; மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, சுகமாக இருந்தால் சரி, சுட்டால் ஆறவிடுங்கள். துண்டைப் பிழிந்து மூடிய இமைகள் மேல் வையுங்கள். ஒரு துண்டு இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும் என்பதால் மற்றதை நனைத்து மாற்றிக்கொண்டே இருங்கள். மொத்தம் பத்து நிமிடம். நான் செய்த பிழை, ஒரே துண்டைப் போட்டுக்கொண்டு வானொலிச் செய்தி முடியும்வரை படுத்துக் கிடந்தது. அது வெறும் ஈரத்துணி.

முடிந்ததும் சூடு ஆறுமுன், சுத்தமான விரல் நுனியால் மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் இலேசாக நீவுங்கள். கண் உருண்டையை அழுத்தக் கூடாது. கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் இமை விளிம்பைத் துடையுங்கள். இமை மயிரின் அடியில் பொடுகுபோல் ஒட்டியிருப்பது வந்துவிடும். நாளுக்கு ஒருமுறை, குறைந்தது ஒரு மாதம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை: கண் மையை இமை மயிருக்கு வெளியே தீட்டினால் தொல்லை இல்லை. உள் விளிம்பில் இழுத்தால், எண்ணெய் வரும் வாய்களின் மேலேயே பூசுகிறீர்கள், படலத்திலும் கலந்துவிடும். என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "இத்தனை வருடம் கழித்துத்தான் உங்களுக்கு என் மை கண்ணில் பட்டதா?" என்றார்.

சொட்டு மருந்து, இப்போதுதான்

நான் முதலில் வாங்கியது கண் சிவப்பை நீக்கும் சொட்டு. இட்ட அரை மணியில் கண் வெள்ளை வெளேரென்றாகும்; மறுநாள் முன்னைவிடச் சிவக்கும். டெட்ராஹைட்ரோசோலின் போன்ற மருந்து இரத்த நாளங்களைச் சுருக்குகிறதே தவிர, ஈரத்தைத் தருவதில்லை. மருந்தின் வேகம் தணிந்ததும் நாளங்கள் இன்னும் விரிகின்றன. மறுபடி சொட்டு, மறுபடி சிவப்பு. இப்படி ஓர் ஆண்டு.

வாங்க வேண்டியது செயற்கைக் கண்ணீர். கார்மெல்லோஸ், ஹைப்ரோமெல்லோஸ், சோடியம் ஹையலூரோனேட் என்று பெட்டியில் எழுதியிருக்கும். மருந்துச் சீட்டு தேவையில்லை. மருந்தாளரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். நாளுக்கு நான்கு முறைக்கு மேல் இட வேண்டியிருந்தால் கெடாமல் காக்கும் வேதிப்பொருள் சேர்க்காத வகையை வாங்குங்கள். புட்டி மருந்துகளில் அதற்காகச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு, அடிக்கடி பட்டால் கண்ணின் மேற்பரப்பையே அரிக்கும். கெட்டியான ஜெல் வகை பார்வையைச் சிறிது நேரம் மங்கச் செய்யும்; அது படுக்கப் போகும் நேரத்துக்கு.

இடும் முறை: கையைக் கழுவி, தலையைச் சாய்த்து, கீழ் இமையை இழுத்துப் பை போலாக்கி ஒரே ஒரு சொட்டு. முனை கண்ணிலோ இமையிலோ படக் கூடாது. பிறகு ஒரு நிமிடம் மெதுவாக மூடியிருங்கள். இரண்டு மூன்று சொட்டு இடுவது வீண் செலவு. கண்ணில் இயல்பாக நிற்கும் நீர் ஏறக்குறைய ஏழு மைக்ரோலிட்டர். ஒரு சொட்டே முப்பது முதல் ஐம்பது. மிச்சம் சட்டைக் காலருக்குத்தான். வேறு மருந்தும் இட வேண்டுமானால் ஐந்து நிமிடம் விடுங்கள். திறந்த புட்டியில் தேதியை எழுதி, பொதுவாக நான்கு வாரத்தில் தூக்கி எறியுங்கள்.

காசு போகும் வழிகள்

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குக் கூடுதலாகச் செலவிடச் சொல்வார்கள். 2023-இல் காக்ரேன் அமைப்பு பதினேழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கணினியால் வரும் கண் சோர்வை அது குறைக்கும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இமைக்காததை எந்த வில்லையும் சரிசெய்யாது.

மீன் எண்ணெய் மாத்திரையும் அப்படியே. அமெரிக்காவில் 2018-இல் வெளியான பெரிய ஆய்வில் ஒரு சாராருக்கு மீன் எண்ணெயும் மற்றவருக்கு ஆலிவ் எண்ணெயும் ஓராண்டு கொடுத்தார்கள். இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம். மத்தி மீன் குழம்பை நிறுத்தச் சொல்லவில்லை. அதைக் குழம்புக்காகச் சாப்பிடுங்கள்.

தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, பன்னீர், விளக்கெண்ணெய் என்று லயத்து வீடுகளில் இன்றும் கண்ணில் விடுகிறார்கள். என் பாட்டி எனக்கும் விட்டிருக்கிறார். அவர் அன்பைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கிருமி நீக்காத எதையும் வறண்ட கண்ணில் விட வேண்டாம். வறட்சியால் கீறல் விழுந்த கருவிழி கிருமிக்குத் திறந்த கதவு.

மாத்திரைப் பையையும் பாருங்கள்

சளிக்கும் அரிப்புக்கும் வாங்கும் தூக்கம் வரும் மாத்திரை வாயை உலர்த்துவதுபோல் கண்ணையும் உலர்த்தும். இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில நீர் மாத்திரைகளும், மன அழுத்த மருந்துகள் சிலவும் அப்படி. தானாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் கண் வறட்சி கூடும்.

சர்க்கரையைத் தனியாகச் சொல்ல வேண்டும், நம்மவர்கள் என்பதால். 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அதிகம். நீரிழிவு கருவிழியின் உணர்ச்சியை மழுங்கச் செய்யும். கண் வறண்டு கீறல் விழுந்தாலும் எரிச்சல் தெரியாமல் போகலாம். உறுத்தல் இல்லையே என்று நிம்மதி அடைய முடியாத நோய் அது. ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையையும் சோதிக்க வேண்டும். குறைந்த வருமானக் குடும்பத்தில் நாற்பது வயதைத் தொட்டவர்களுக்கு பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை உண்டு. தகுதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கண்ணோடு வாயும் எந்நேரமும் உலர்ந்து, மூட்டும் வலித்தால், 1933-இல் ஸ்வீடன் மருத்துவர் ஷோகிரன் விவரித்த நோயாக இருக்கலாம். அதற்கு இமைப் பயிற்சி போதாது; இரத்தச் சோதனை வேண்டும்.

காத்திருக்கக் கூடாதவை

கண்ணுக்குள் உண்மையான வலி, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாமை, இமைத்தாலும் தெளியாத மங்கல், மஞ்சளாகவோ பச்சையாகவோ பீளை. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஒட்டுவில்லை (காண்டாக்ட் லென்ஸ்) அணிபவருக்குக் கண் சிவந்து வலித்தால் உடனே கழற்றி, அதையும் கையோடு எடுத்துக்கொண்டு போகட்டும்.

தோட்டத்துக்கே உரிய ஒன்று இருக்கிறது. செம்பனை ஓலையோ முள்ளோ கண்ணில் கீறினால், குலை வெட்டும்போது மேலிருந்து தூசி விழுந்து உறுத்தினால், அதைத் திரை வறட்சி என்று எண்ணி வீட்டில் இருக்காதீர்கள். செடிகொடி பட்ட காயத்தில் பூஞ்சை புகுந்து கருவிழியில் புண் வைக்கும். முதல் சில நாள் சாதாரண உறுத்தல்போல்தான் இருக்கும். வீட்டில் மிச்சம் இருக்கும் ஸ்டீராய்டு சொட்டை அதில் விட்டால் பூஞ்சைக்கு விருந்து வைத்ததாகும், பார்வையே போகலாம்.

அவசரம் இல்லாத மற்றவர்கள் நான்கு முதல் ஆறு வாரம் இந்த வரிசையைச் செய்து பார்த்துவிட்டு, குறையாவிட்டால் அரசு சுகாதார கிளினிக்குக்குப் போகலாம். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். அங்கிருந்து தேவைப்பட்டால் கண் நிபுணருக்குக் கடிதம் தருவார்கள். போகும்போது உங்கள் ஒரு வாரக் குறிப்பையும், இட்ட சொட்டுகளின் பெட்டிகளையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் கீழ் இமைக்குள் சிறு தாள் பட்டையைச் செருகி ஐந்து நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று அளக்கலாம். ஐந்து மில்லிமீட்டர்கூட நனையவில்லை என்றால் தண்ணீரே போதவில்லை என்று பொருள். எனக்குப் பதினான்கு நனைந்தது. தண்ணீருக்குக் குறைவில்லை, மூடிதான் இல்லை என்றார் மருத்துவர்.

ஆறாம் வாரம் மகளிடம், மறுபடியும் ஒரு காணொளி எடு என்று கேட்டுவிட்டு, அவள் எடுக்கும்வரை கணினி முன் மிக ஒழுங்காக இமைத்துக்கொண்டிருந்தேன். எண்ணியதில் நிமிடத்துக்குப் பதினெட்டு. பெருமையாக அவளைப் பார்த்தேன்.

"இது செல்லாது அப்பா. போன செவ்வாய்க்கிழமை நீங்கள் சம்பளக் கணக்கில் இருந்தபோதே நான் எடுத்துவிட்டேன்" என்று கைப்பேசியை நீட்டினாள்.

அதில் பதினொன்று. அரை இமைப்பு ஒன்று.